சீட் பெல்ட் இல்லாத வண்டியில் கைக்குழந்தையோடு பயணம்: எது உதவும், எது உதவாது

கேள்வி இதுதான்: ஐந்து மாதக் குழந்தை, ஏழு கிலோ எடை. நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரப் பயணம். உறவினரின் பழைய வேனில் போகவேண்டும், அதில் பின் இருக்கைகளில் பெல்ட் கிடையாது. போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஊரில் பஸ்ஸும் ஆட்டோவும்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா, குழந்தையைச் சுமக்கும் பையான கேரியரில் நெஞ்சோடு கட்டிக்கொள்ளலாமா, குழந்தைக்கென்றே பட்டிகளோடு வரும் தனி இருக்கையான கார் சீட்டைக் கயிறு போட்டுக் கட்டினால் ஆகாதா?

நெடுஞ்சாலை வேனுக்கு இந்த மூன்றுமே ஆகாது. ஊருக்குள் மெதுவாகப் போகும் பஸ்ஸுக்கு மடி போதும். ஒரே குழந்தை, ஒரே மடி, பதில் மட்டும் ஏன் மாறுகிறது என்பது புரிந்துவிட்டால், நான் இங்கே சொல்லாத சூழ்நிலையிலும் நீங்களே முடிவெடுத்துக்கொள்வீர்கள். அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

வண்டி சடன் பிரேக் போடுவது வேறு, எதன் மீதாவது மோதுவது வேறு. நம் மனதில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கார் முழு பிரேக் போட்டால் குழந்தையை முன்னால் இழுக்கும் விசை அதன் எடையில் முக்கால் பங்கு அளவுக்குத்தான் வரும். ஏழு கிலோக் குழந்தைக்கு ஐந்து, ஐந்தரை கிலோ. கவனமாக உட்கார்ந்திருக்கும் யாரும் அதைப் பிடித்துவிடலாம். ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றால், அதே குழந்தையைப் பிடித்து வைக்கச் சராசரியாக 100 கிலோ அளவுக்கு விசை வேண்டும். உச்சத்தில் அதற்கும் மேல். 30 கிலோமீட்டர் வேகத்திலேயே 60 கிலோ. இதெல்லாம் குழந்தையைப் பிடித்திருப்பவர் இருக்கையோடு அசையாமல் இருந்தால். பெல்ட் போடாதவர் அப்படி இருக்க மாட்டார், அவரும் சேர்ந்து பறப்பார்.

"என் குழந்தையை நான் விடமாட்டேன்" என்று எல்லாத் தாய் தகப்பனும் மனதார நம்புகிறார்கள். பாசத்தில் குறையே இல்லை, கைக்குத்தான் அந்த வலு கிடையாது. 1979-இல் தினேஷ் மோகன், லாரன்ஸ் ஷ்னைடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மடியில் வைத்திருக்கும் குழந்தையைப் பெரியவர்களால் எவ்வளவு விசை வரை பிடித்துவைக்க முடியும் என்று அளந்து பார்த்தே கட்டுரை வெளியிட்டார்கள். மோதலில் கைப்பிடியை நம்ப முடியாது என்பதுதான் அதில் தெரிந்தது. ஆக, பிரேக்குக்குக் கை தாங்கும், மோதலுக்குத் தாங்காது. பெல்ட் இல்லாத வண்டியில் மோதல் நடந்த பிறகு நம் கையில் செய்வதற்கு எதுவுமில்லை என்பதால், செய்யவேண்டியது எல்லாம் ஏறுவதற்கு முன்பே இருக்கிறது: எந்த வண்டி, எந்த வேகம், எந்த இருக்கை, எந்த நேரம்.

இப்போது உங்கள் வேனுக்கு வருவோம். பின்னால் பெல்ட் இல்லை என்றால் உண்மையிலேயே இல்லையா என்று முதலில் தேடிப் பாருங்கள். பழைய வண்டிகளில் பெல்ட் இருந்தும் இல்லாததுபோல் கிடப்பது சகஜம். மேலே சீட் கவர் மாட்டும்போது பக்கிளை உள்ளே தள்ளி மூடிவிடுவார்கள். இருக்கையின் முதுகுப் பகுதியும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்கில் விரல்களை நன்றாக உள்ளே விட்டுத் துழாவுங்கள். சில்லென்று தட்டையாக உலோக நாக்கோ, பிளாஸ்டிக் பக்கிளோ தட்டுப்படலாம். இழுத்து வெளியே எடுத்து, நாக்கைச் செருகி 'கிளிக்' சத்தம் வருகிறதா, இழுத்தால் கழன்று வராமல் நிற்கிறதா, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் விடுகிறதா என்று பாருங்கள். பட்டையில் பிசிறோ கிழிசலோ இருக்கக்கூடாது. அதே இடுக்கில் ஒரு சாண் அகல இடைவெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக, இரண்டு கெட்டியான இரும்பு வளையங்கள் தட்டுப்பட்டால் அது ஐசோஃபிக்ஸ் கொக்கியாக, அதாவது கார் சீட்டை வண்டியோடு நேராகப் பூட்டுவதற்கான கொக்கியாக இருக்கலாம். அதற்குப் பொருந்தும் கார் சீட் உங்களிடம் இருந்தால் பெல்ட்டே தேவையில்லை.

இடுப்பில் மட்டும் வரும் இரண்டு முனைப் பெல்ட் கிடைத்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள். சில குழந்தை இருக்கைகளை அதைக் கொண்டே மாட்டலாம், சிலவற்றுக்குத் தோளோடு வரும் மூன்று முனைப் பெல்ட் கட்டாயம். இருக்கையோடு வந்த கையேட்டில் அது எழுதியிருக்கும்.

பின்னால் எதுவுமே இல்லை, முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் பெல்ட் இருக்கிறது என்றால், குழந்தையின் இடம் அங்கேதான். கேட்டவுடன் பலரும் திடுக்கிடுவார்கள், "குழந்தையை முன் சீட்டில் வைக்கக்கூடாதே" என்பார்கள். அந்த எச்சரிக்கைக்கு முக்கியமான காரணம் ஏர்பேக். பின்பக்கம் பார்த்தபடி வைத்த குழந்தை இருக்கையின் முதுகு, டேஷ்போர்டுக்கு மிக அருகில் இருக்கும். ஏர்பேக் கண் இமைப்பதற்குள் வெடித்து விரிந்து அந்த முதுகை அறையும்போது, அடி நேராகக் குழந்தையின் தலைக்குப் போகும். ஏர்பேக் இருக்கும் முன் இருக்கையில், அதை அணைக்க வழியில்லை என்றால், பின்பக்கம் பார்க்கும் இருக்கையை வைக்கவே கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது. ஆனால் பழைய வேனில் பயணிப் பக்கம் ஏர்பேக்கே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். டேஷ்போர்டிலோ வெயில் மறைப்புத் தகட்டிலோ 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், வண்டியின் கையேட்டிலும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏர்பேக் இல்லை, அல்லது சாவியால் அணைத்தாகிவிட்டது என்றால், அந்த இருக்கையை முடிந்தவரை பின்னால் தள்ளி, கார் சீட்டைப் பின்பக்கம் பார்த்தபடி பெல்ட்டால் மாட்டுங்கள். பெல்ட் இல்லாத பின் இருக்கையில் யார் மடியில் இருப்பதையும்விட இது எத்தனையோ மடங்கு மேல்.

மாட்டும்போது பெல்ட் போகவேண்டிய வழியில் மாடலைப் பொறுத்து நிறக்குறி இருக்கும். ஐரோப்பிய வகை இருக்கைகளில் பின்பக்கம் பார்ப்பதற்கு நீலம். இறுக்கிய பிறகு, பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. குழந்தையின் தோள்பட்டி தோளின் மட்டத்திலிருந்தோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ வரவேண்டும். தோளருகே பட்டியை இரண்டு விரலால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக்கூடாது. தடித்த ஸ்வெட்டரோடு பட்டி போடாதீர்கள். பட்டி போட்ட பிறகு மேலே போர்வை போர்த்திக்கொள்ளலாம்.

ஏன் பின்பக்கம் பார்த்தே வைக்கவேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "குழந்தைக்கு வெளியே தெரியட்டுமே" என்று திருப்பி வைப்பவர்கள் நிறையப் பேர். கைக்குழந்தையின் உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தலை. கழுத்தெலும்புகளில் பாதி இன்னும் குருத்தெலும்புதான், தசைநார்களும் தளர்ந்தே இருக்கும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால், மோதலில் உடம்பைப் பட்டி பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும், கழுத்து இழுபடும். பின்பக்கம் பார்த்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் முதுகு ஒரே நேரத்தில் தாங்கிவிடும். ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் புறப்படும்போது முதுகால் விசையைத் தாங்கும்படி படுத்திருப்பதைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார். 1964-இல் முதல் மாதிரி சோதிக்கப்பட்டது. இன்றைக்கு குழந்தை இருக்கைகளுக்கான ஐரோப்பாவின் ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்க்கச் சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அந்த இருக்கையின் எடை, உயர வரம்பு எட்டும் வரை அப்படியே வைக்கச் சொல்கிறது. சரியாக மாட்டிய குழந்தை இருக்கை, காரில் போகும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பை 71 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. அந்தப் பலன் முழுவதும் 'சரியாக மாட்டிய' என்ற இரண்டு சொல்லில்தான் இருக்கிறது. பெல்ட்டும் ஐசோஃபிக்ஸும் இல்லாமல் சும்மா சீட் மேல் வைத்த கார் சீட், மோதலில் குழந்தையோடு சேர்ந்து பறக்கும் இன்னொரு சாமான்.

கயிற்றுக் கட்டும் இதே கதைதான். கயிறு இழுபடும், முடிச்சு நழுவும், எதில் கட்டுகிறோமோ அந்தக் கம்பியும் அந்த விசைக்காகச் செய்யப்பட்டதல்ல. கட்டியாகிவிட்டது என்ற தைரியத்தில் ஓட்டுநரும் வேகமாகப் போவார், அது இன்னும் ஆபத்து.

கேரியரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். காரிலும் வேனிலும் நெஞ்சில் கட்டிய குழந்தை, பெல்ட் போடாத உங்களுக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் இருக்கிறது. மோதலில் உங்கள் முழு எடையும் அதன் மேல் விழும். "அப்படியானால் நான் பெல்ட் போட்டு, குழந்தையையும் அதே பெல்ட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன்" என்பது அதைவிட மோசம். அப்போது பெல்ட்டுக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவில் குழந்தை நசுங்கும். ஒரு பெல்ட்டுக்குள் ஓர் உடம்புதான். இருப்பதே ஒரு பெல்ட் என்றால் அது குழந்தையின் இருக்கைக்குப் போகட்டும்.

முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை என்றால், என் அபிப்பிராயத்தில் அந்த வேனில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். உறவினர் மனம் கோணும் என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பல நாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு உத்தரவுப்படி, பாதுகாப்பு அமைப்பு இல்லாத காரில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றக்கூடாது. பிரிட்டனிலும் பெல்ட் இல்லாத பழைய காருக்கு அதே விதி. ரயில் இருந்தால் ரயில், இல்லையென்றால் பெரிய பஸ், அதுவும் இல்லையென்றால் பெல்ட் உள்ள வாடகைக் கார். வாடகைக் காரைப் பதிவு செய்யும்போதே "பின் சீட்டில் பெல்ட் வெளியே எடுத்து, வேலை செய்கிற நிலையில் இருக்கிறதா" என்று கேட்டுவிடுங்கள். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு கேட்டால், மூட்டை முடிச்சோடு நிற்கும் யாருக்கும் "வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது.

அந்த வேன் உங்கள் குடும்பத்தில் அடிக்கடி ஓடுகிறது என்றால், பெல்ட் பொருத்திக்கொள்வதே நிரந்தரமான வழி. பல பழைய வண்டிகளில் பெல்ட் போடாவிட்டாலும், அதற்கான மரையிட்ட துளைகளைத் தயாரிப்பாளரே விட்டுவைத்திருப்பார், மேலே ரப்பர் மூடியோ விரிப்போ இருக்கும். துளை இல்லாத இடத்தில் தகரத்தைத் துளைத்து போல்ட் போட்டால் மோதலில் அது தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வலுவூட்டும் தகடு வைத்து, தெரிந்த மெக்கானிக் செய்யவேண்டிய வேலை அது.

இனி வேறு வழியே இல்லாத நிலை. ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகவேண்டும், கிடைத்தது பெல்ட் இல்லாத கார். அப்போது முன் இருக்கையில் குழந்தையோடு உட்காராதீர்கள். பின் இருக்கையிலும் நடு இடம் வேண்டாம். பெல்ட் உள்ள காரில் நடு இடம்தான் நல்லது, ஆனால் பெல்ட் இல்லாதபோது அங்கிருந்து முன் கண்ணாடி வரை தடுக்க எதுவும் இல்லை. முன் இருக்கையின் முதுகுக்கு நேர் பின்னால் உட்காருங்கள். உங்கள் முதுகு சீட்டோடு ஒட்டியிருக்கட்டும், பாதம் இரண்டும் தரையில் ஊன்றியிருக்கட்டும். குழந்தையின் முகம் உங்கள் நெஞ்சுப் பக்கம், ஒரு கை பின்தலையிலும் கழுத்திலும், இன்னொரு கை இடுப்பைச் சுற்றி. இது பிரேக்குக்கும் குலுக்கலுக்கும் நிச்சயம் உதவும். மீதியை வேகம்தான் காப்பாற்றவேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 30-இல் மோதுவது மூன்றரை மீட்டர். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே அடி நிறையக் குறைகிறது. ஓட்டுநரிடம் "மெதுவாகப் போங்கள்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "கைக்குழந்தை இருக்கிறது, நாற்பதைத் தாண்ட வேண்டாம், முன் வண்டிக்கு இடைவெளி விட்டே போங்கள், லேட்டானால் பரவாயில்லை" என்று எண்ணோடு சொல்லுங்கள். மனிதர் புரிந்துகொள்வார். சாலையில் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்தின் வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கூட வரும் சாமான்களையும் கவனியுங்கள். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் வைத்த தண்ணீர் பாட்டில், லேப்டாப் பை, குடை எல்லாம் மோதலில் தலைகளை நோக்கித்தான் வரும். கனமானதெல்லாம் டிக்கிக்குள் அல்லது காலடியில். பின்னால் உட்கார்ந்திருக்கும் மற்ற பெரியவர்களும் அப்படியே, பெல்ட் போடாத அறுபது கிலோ ஆள் பக்கத்துக் குழந்தை மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்குப் பெல்ட் இருந்தால் போடச் சொல்லுங்கள்.

பஸ் விஷயத்தில் நீங்கள் பயப்பட வேண்டிய அளவு குறைவு. பத்துப் பன்னிரண்டு டன் எடையுள்ள வண்டி, காரோடு மோதினால் காரின் வேகம்தான் பெருமளவு மாறும், பஸ்ஸின் வேகம் கொஞ்சமே மாறும், உள்ளே இருப்பவர்கள் உணரும் அதிர்ச்சியும் அதற்கேற்பக் குறைவு. பஸ்ஸில் அடிபடுவது பெரும்பாலும் மோதலால் அல்ல. ஏறும்போது, இறங்கும்போது, உட்கார்வதற்குள் வண்டி எடுத்துவிடும்போது, நிறுத்தம் வருகிறது என்று முன்கூட்டியே எழுந்து நிற்கும்போது. இங்கேதான் கேரியர் உண்மையாகவே கைகொடுக்கும். குழந்தை நெஞ்சில் இருந்தால் இரண்டு கையும் கம்பியைப் பிடிக்கலாம். ஏறியவுடன் வெட்கப்படாமல் "உட்கார்கிற வரைக்கும் எடுக்காதீர்கள்" என்று குரல் கொடுங்கள். யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் கேளுங்கள். வண்டி முழுதாக நின்ற பிறகு எழுந்திருங்கள், ஒரு நிமிஷம் தாமதித்தால் ஒன்றும் ஆகிவிடாது.

உட்காருவது நடுப்பகுதியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே. அங்கே குலுக்கலும் குறைவு. முன்னால் இன்னொரு இருக்கையின் உயரமான முதுகு இருக்கவேண்டும். கதவுக்கு எதிரே, படிக்கட்டை ஒட்டி, முதல் வரிசையில் கண்ணாடிக்கு நேராக, கடைசி வரிசையில் நடைபாதைக்கு நேராக இருக்கும் இடங்களைத் தவிருங்கள். பின்பக்கம் பார்க்கும் இருக்கை இருந்தால் அதுதான் முதல் தேர்வு. சில நகரப் பஸ்களில் குழந்தையை வைத்துத் தள்ளும் தள்ளுவண்டிக்கென்று தனி இடம், முதுகு தாங்கும் பலகையோடு இருக்கும். அங்கே தள்ளுவண்டியைப் பலகையில் ஒட்டி, குழந்தை பின்பக்கம் பார்க்கும்படி நிறுத்தி, பிரேக் போட்டு, பட்டியும் போட்டுவிடுங்கள். பக்கவாட்டில் நிறுத்தினால் ஒரு திருப்பத்தில் கவிழ்ந்துவிடும்.

ரயிலில் பெல்ட் பற்றிக் கவலை வேண்டாம். மேலே அடுக்கிய பெட்டி விழாத இடமாக, கதவிடுக்கில் விரல் சிக்காத தூரமாகப் பாருங்கள். படுக்கை என்றால் கீழ்ப்படுக்கை. குழந்தையைச் சுவர்ப் பக்கம் படுக்கவைத்து நீங்களும் அயர்ந்து தூங்கிவிட்டால், இடுக்கில் மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. இருவர் இருந்தால் முறை வைத்து விழித்திருங்கள்.

ஆட்டோவில் நிலைமை வேறு: பக்கம் திறந்திருக்கிறது, திருப்பத்தில் சாயும், வெளியே விழுவதுதான் முதல் பயம். அதனால் காருக்கு வேண்டாம் என்று சொன்ன கேரியரை இங்கே நான் ஏற்றுக்கொள்வேன். அது மோதலிலிருந்து காப்பாற்றாது, ஆனால் குழந்தை கையிலிருந்து நழுவி வெளியே போகாது. நடுவில் உட்காருங்கள், இரண்டு பக்கமும் ஆளோ பையோ இருக்கட்டும், ஒரு கை கம்பியில். குறுகிய தூரம், ஊருக்குள் மட்டும், பகல் வெளிச்சத்தில். வேகமான சாலையில் ஏறும் வழி வேண்டாம். கைக்குழந்தையோடு மோட்டார் சைக்கிள் அறவே வேண்டாம். ஹெல்மெட் போட்டால் அந்தக் கழுத்து தாங்காது, போடாவிட்டால் தலைக்குப் பாதுகாப்பே இல்லை. சரக்கு வண்டியின் திறந்த பின்பகுதியும் அப்படியே.

கேரியரானாலும் கார் சீட்டானாலும் மூச்சு ஒரு தனிக் கவனம். தலை நிற்காத குழந்தைக்குத் தாடை நெஞ்சில் மடிந்தால் மூச்சுக்குழல் மடங்கிவிடும், அழுகைகூட வராது. முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும், குனிந்தால் முத்தம் கொடுக்கிற உயரத்தில் தலை, மூக்கின் மேல் துணி இல்லை, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் இடம். கார் சீட்டில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அரை மணிக்கு ஒருமுறை எடுங்கள். உங்கள் மூன்று மணிப் பயணத்தில் இரண்டு முறை நிறுத்துங்கள். வண்டி ஓடும்போது பால் கொடுப்பதற்காகப் பட்டியைக் கழற்றுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது, மோதலுக்கு அந்த ஐந்து நிமிடம் போதும். நிறுத்திக் கொடுங்கள், ஏப்பம் விடவையுங்கள், பிறகு கிளம்புங்கள். இரவு நேரத்தையும், ஓட்டுநர் தூங்கி எழாத விடியற்காலையையும் தவிர்த்தால் பாதி ஆபத்து வழியிலேயே வராது.

ஒருவேளை வண்டி எதிலாவது இடித்துவிட்டாலோ, குழந்தை கையிலிருந்து நழுவி எங்காவது தலை பட்டாலோ, வெளியில் காயம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், எப்படித் தேற்றினாலும் நிற்காத கீச்சென்ற அழுகை, பால் குடிக்க மறுப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது, வலிப்பு, ஒரு கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். மோதலில் சிக்கிய கார் சீட்டை, பார்க்க நன்றாக இருந்தாலும், மறுபடி பயன்படுத்தலாமா என்று அதன் கையேட்டில் பார்த்த பிறகே மாட்டுங்கள்.